ஃபேன் கூண்டைப் பிடித்துக்கொண்ட பாகற்கொடி

ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் என் மனைவி தொட்டியில் பாகற்கொடி வைத்தாள். கொடி ஏறுவதற்காக, கால் உடைந்துபோன துணி காயப்போடும் ஸ்டாண்டைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அந்த உயரம் போதவில்லை. ஓடாத டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டைக் கழற்றி, ஸ்டாண்டின் உச்சியில் சணல் கயிற்றால் கட்டினாள்.

"காயலான் கடைக்குப் போக வேண்டியதெல்லாம் மாடிக்கு வந்துடுச்சே" என்றேன்.

"கொடிக்குப் பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தா போதும்" என்றாள்.

கூண்டு முழுக்கக் கொடி படர்ந்து பிஞ்சு விட்ட சமயத்தில், ஒரு சாயங்காலம் காற்றோடு பேய்மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் போயிற்று என்று நினைத்துத்தான் காலையில் மாடி ஏறினோம். சணல் கயிறு இற்றுப்போய் அறுந்து தரையில் கிடந்தது. கூண்டு மட்டும் விழவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். தையல் நூல் கனம்கூட இல்லாத கொடியின் பச்சைச் சுருள்கள் ஸ்டாண்டின் கம்பியையும் கூண்டின் கம்பியையும் சேர்த்துச் சுற்றிப் பிடித்திருந்தன. ஒன்றை விரலால் மெல்ல இழுத்தேன். ஸ்பிரிங் மாதிரி நீண்டது. விட்டதும் மறுபடி சுருங்கிக்கொண்டது.

"ராத்திரி பூரா இதுவா தாங்குச்சு?" என்றேன்.

மனைவி கீழே போய்ப் புதுக் கயிறு எடுத்து வந்தாள். அதைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தச் சுருள்களை வெகுநேரம் பார்த்தபடி நின்றாள்.