முதல் பேட்ச் மேடையில் சொல்கிற கதை

எங்கள் அறக்கட்டளையில் அவளுக்கு முதல் பேட்ச் என்று பெயர். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைப்பதுதான் அறக்கட்டளையின் வேலை. ஆரம்பித்த வருடம் அப்படிப் படித்தவர்களில் இவளும் ஒருத்தி. கூடப் படித்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். இவள் மட்டும் இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இங்கேயே நரைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். நான் அலுவலக வண்டி ஓட்டுகிறவன். அவளைக் காலையில் ஏற்றிச் சாயங்காலம் இறக்கிவிடுகிற ஆள் என்பதால், மற்றவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் எனக்குத் தெரியும்.

தொழிலாளர் குடியிருப்புகளில் நாங்கள் நடத்துகிற படிப்பகங்களுக்கு அவள்தான் பொறுப்பு. வீட்டில் உட்கார இடமில்லாத பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து படிக்கும். பென்சில் சீவுகிற கருவி காணாமல் போகிறதென்று ஒவ்வொரு மேசைக் காலிலும் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பாள். வாசிக்கத் திணறுகிற பிள்ளையை "சத்தமாப் படி" என்று அதட்டமாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லேன்" என்பாள். அதுவும் பெரிய மனுஷத்தனமாக வாசித்துக் காட்டும். அவளுக்குக் கழுகுக் கண்!

அவள் வீடு மாடியில் இரண்டு அறை. ஒரு தடவை அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் ரேடியோவைப் போட்டாள். "யாராவது பேசட்டும் அண்ணே. இல்லைன்னா வீடு கடிக்க வருது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள் அறையில் அவள் அப்பாவின் கட்டில் விரித்தபடியே இருந்தது.

அந்தக் கட்டில் காலியானது எங்கள் அறக்கட்டளையின் புண்ணியத்தில்தான். வருடத்துக்கு ஒருமுறை பெரிய கூட்டம் போட்டு, நன்கொடை கொடுக்கிறவர்களை வரவழைத்துச் சாப்பாடு போடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால், உதவித்தொகையில் படிக்கிறவரோ படித்தவரோ ஒருவர் மேடையேறித் தன் கதையைச் சொல்லவேண்டும். கைக்குட்டைகள் வெளியே வரவேண்டும். அப்புறம்தான் செக் புத்தகங்கள் வரும். எத்தனையோ பேரைப் பேசவைத்துப் பார்த்தார்கள். முதல் பேட்ச் பேசினால் வருகிற மாதிரி வேறு யார் பேசினாலும் வரவில்லை.

அவள் கதையில் நடந்தது இதுதான். அம்மா இல்லாத பெண். அப்பா பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அடுப்பு எரியவேண்டுமே என்று இவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பெட்டி கட்டுகிற தொழிற்சாலைக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார். பிறகு அறக்கட்டளைக்காரர்கள் தெருவுக்கு வந்தபோது, ஊன்றுகோலோடு அவர்கள் பின்னாலேயே போய், "எம் பொண்ணைப் படிக்க வைங்கய்யா" என்று கெஞ்சியதும் அந்த மனுஷன்தான்.

ஆனால் மேடைக்கு இது சரிப்படாதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா முதல் வருடமே சொல்லிவிட்டாளாம், "அவர் விழுந்ததைச் சொன்னா ஜனங்க அவருக்காகப் பாவப்படுவாங்க. உனக்காகல்ல பாவப்படணும்?" பள்ளிக்கூடத்துப் பெண் என்ன எதிர்த்துப் பேசும்? சாரம் போயிற்று, ஊன்றுகோல் போயிற்று. அடுத்த வருடம் கதைக்குள் ஒரு புத்தகம் வந்தது. அதற்கடுத்த வருடம் அந்தப் புத்தகத்தை அப்பா பிடுங்கினார். போகப்போகக் கிழித்தே போட்டார். நல்ல காரியத்துக்குத்தானே என்று இவளும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். அந்தக் காசில்தான் படிப்பகங்களில் விளக்கு எரிகிறது, அதையும் நான் மறைக்கவில்லை. இருந்தாலும் வயிறு எரிகிறது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. போன வருடக் கூட்டத்தைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். கூட வேலை செய்த பழைய பெயிண்டர் ஒருவர் போனில் அதைக் காட்டிவிட்டார். பெரியவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. துணிமணியை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கிற அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். இவள் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. "அப்பா திரும்பி வந்துட்டா போதும் அண்ணே. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இந்த வருடக் கூட்டம் நெருங்கியபோது, "அண்ணே, உள்ளதை உள்ளபடி சொல்லப்போறேன்" என்றாள். "அப்பா உக்காந்து கேக்கணும். நான் கூப்பிட்டா வரமாட்டார். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க."

போனேன். பெரியவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. "எதுக்குப்பா? எந்திரிச்சு நில்லு, இவன்தான் அவன்னு காட்டுறதுக்கா?" என்றார்.

"ஐயா, உங்களைப் பத்தி நல்லபடியா சொல்லத்தான் கூப்பிடுது. அது முகத்தைப் பார்க்கச் சகிக்கல. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

அப்புறம் எழுந்து சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மண்டப வாசலில் இறங்கும்போது, "சட்டை நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

கடைசி வரிசையில் அவரை உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்திருப்பதை அவள் மேடையிலிருந்தே பார்த்துவிட்டாள். மைக்கைப் பிடித்தாள். "எங்கப்பா பெயிண்டர். என்னைத் தோள்ல உக்காரவச்சு ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போவார்." பெரியவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"அன்னைக்கு அவர் வீட்டுக்கு வந்தப்போ, நான் வாசல்ல உக்காந்து படிச்சிட்டிருந்தேன்" என்றாள். அதுவரை சரி. சாரத்திலிருந்து விழுந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று அடுத்து வரவேண்டும். ஒரு நொடி நின்றாள். கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது. முன்வரிசையில் டைரக்டர் மேடம் தலையை ஆட்டினார். தினமும் போகிற தடத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்புமே, அப்படித்தான் திரும்பியது. "வந்தவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினார்..."

அட பாவி மகளே என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்தே இருக்கவேண்டும், கண்ணெல்லாம் மிரண்டு போயிருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை. எங்கே குரலை இறக்கவேண்டுமோ அங்கே இறங்கியது, எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தியது. பழக்கதோஷம் கடைசி வாக்கியம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டது.

பெரியவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பணக்கார அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரிடமே சொன்னார், "இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா!"

"இருக்கான்மா" என்றார் பெரியவர்.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவரும் எழுந்து நின்று தட்டினார். பிறகு யார் காலையும் மிதிக்காமல் வரிசையை விட்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியில் ஏறமாட்டேன் என்று பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்.

"ஐயா, அது உண்மையைச் சொல்லத்தான் வந்துச்சு. சத்தியமா."

"தெரியும்ப்பா. முதல்ல எனக்குத்தான் சொல்ல ஆரம்பிச்சா. அப்புறம் அவங்களுக்குச் சொல்லிட்டா." பேருந்து வந்தது. படியில் காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "திட்டாதே அவளை" என்றார்.

மண்டபத்தில் டைரக்டர் மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். "அசத்திட்டே! இன்னும் ரெண்டு ஏரியாவுல படிப்பகம் திறந்துடலாம்!" அவள் மேடத்தின் தோளுக்கு மேலே கடைசி வரிசையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறியதும், "அப்பா போயிட்டாரா?" என்றாள். "போயிட்டார்" என்றேன். அவர் திட்டாதே என்று சொல்லியிருந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பாதி வழியில் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்கன்னு ஒரு வரி. அதைச் சொல்ல முடியலையா உன்னால?"

அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தேடினேன் அண்ணே. அந்த நாலு பேர் முகத்தைத் தேடினேன், வரவே இல்ல. அவர் கிழிச்சதுதான் வருது. அப்படி எதுவும் நடக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் நேர்ல பார்த்த மாதிரி அதுதான் வருது."