மெல்தினேயின் கதவு

இது நடந்தது. போன வருடம் நவம்பரில், தலைச்சோலை என்கிற மலையூரில். நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. எலும்பைக் கடிக்கிற குளிரிலும் அதன் கதவு இப்போதெல்லாம் திறந்தே கிடக்கும். உள்ளே சங்கீதா கம்பளி போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாள். கதவை மூடச் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பது கீழ்நாட்டுக்காரர்கள் நினைப்பு. மலையில் பனி இறங்கினால் மத்தியானமே எதிர்மரம் தெரியாது.

சங்கீதா வரலாறு படித்தவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. கல்வெட்டுகளின் போட்டோ வரும். எழுத்துகளைப் பார்த்து அப்படியே டைப் செய்து அனுப்ப வேண்டும். ரோமானியர் ஆண்ட காலத்தில், இன்றைய துருக்கியின் உட்பகுதியில் இருந்த சின்ன ஊர்களின் கற்கள் அவை. எழுத்து கிரேக்கம். பெரும்பாலும் கல்லறைக் கற்கள். அந்தப் பக்கத்தில் கல்லறைக் கல்லைக் கதவு மாதிரியே செதுக்குகிற வழக்கம் இருந்தது. இரண்டு பலகை, ஒரு பூட்டு, தட்டுவதற்கு ஒரு வளையம். எல்லாம் கல்லில். திறக்கவே திறக்காத கதவு.

வாய்விட்டுப் படித்துக்கொண்டே டைப் செய்வது அந்த வேலையின் முறை. கண் அவசரப்பட்டு உடைந்த எழுத்தைத் தானாக நிரப்பிவிடும். வாய் தடுக்கி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைக்கு வந்தது ஒரு குழந்தையின் கல். பெயர் மெல்தினே. வயது மூன்று. அப்பாவும் அம்மாவும் வைத்தது. கதவின் ஒரு பலகையில் சீப்பு, இன்னொன்றில் ஒரு குருவி. கடைசி வரியில் “கைரே” என்று இருந்தது. வழியில் போகிறவருக்குக் கல் சொல்கிற முகமன் அது. சில கற்களில் போகிறவர் சொல்ல வேண்டிய பதிலையும் செதுக்கியிருப்பார்கள். இந்தக் கல்லில் அந்த இடம் உடைந்து போயிருந்தது.

சங்கீதாவுக்கும் ஒரு பெண் இருந்தாள். கவிப்பிரியா. ஐந்து வயது. காய்ச்சலில் போய்விட்டாள். பாடையைத் தூக்கும்போது, தினமும் பள்ளிக்கூட ஜீப்பில் ஏற்றிவிட்டுச் சொல்வது போல சங்கீதா, “போய்ட்டு…” என்று ஆரம்பித்தாள். மாமியார் ஆராயி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். “அதச் சொல்லக் கூடாது சாமி! திரும்பி வந்துரும்!”

சாவு வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. சங்கீதாவும் சொல்லவில்லை. மிச்ச வார்த்தை ஒரு வருடமாகத் தொண்டையிலேயே நின்றது.

திரையில் இருந்த குருவியைப் பார்த்தாள். வெளியே பனி கட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்த யாரும் இல்லை.

“போய்ட்டு வா கண்ணு,” என்றாள். சத்தமாகவே.

கரண்ட் போனது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்தது. மத்தியானம் மணி மூன்று பத்து.

போன் அடித்தது. கணவன் கோபி. மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஓட்டுகிறவன்.

“ஏம்புள்ள, பனி நொம்பக் கட்டிருச்சு. வர நேரமாவும்.”

“சரிங்க.”

“ஊட்டுல யாரு?”

“யாருமில்லீங்க.”

“புள்ள சத்தம் கேக்குது…”

லைன் அறுந்தது.

டக்… டக்.

கதவு. மரத்தில் கை பட்ட சத்தம் இல்லை. இரும்பு வளையம் கல்லில் மோதுகிற சத்தம். அவர்கள் வீட்டுக் கதவில் வளையமே கிடையாது.

டக்… டக்.

கீழே கேட்டது. நாதாங்கிக்கும் கீழே. அவள் இடுப்பு உயரத்துக்கும் கீழே.

ஓடினாள். பயந்து ஓடவில்லை. கதவை நோக்கி ஓடினாள். நாதாங்கியில் கை வைத்தாள். இரும்பு பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது.

“கவி? கவியா கண்ணு?”

தட்டுவது நின்றது.

“அம்மாதான். சொல்லு சாமி.”

காதைக் கதவில் வைத்தாள். பிறகு கதவின் இடுக்கில், மூச்சு மாதிரி…

“கைரே.”

கவியின் குரல் இல்லை.

சங்கீதா கையை எடுத்துவிட்டாள். என்ன நினைத்தாள் என்று பிறகு அவளே சொன்னாள். பேய் என்று நினைக்கவில்லை. ‘இது என் பிள்ளை இல்லை’ என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

வெளியே அது அழ ஆரம்பித்தது. மூன்று வயதுக் குழந்தை அழுகிற அழுகை. தூக்கச் சொல்லி அழுகிற அழுகை.

அவள் திறக்கவில்லை.

டக்…

திறக்கவில்லை.

அழுகை தேய்ந்தது.

நின்றது.

கோபி வந்தபோது வாசலில் எதுவும் இல்லை. ஈரத் தரையில் ஒரு தடம்கூட இல்லை. கரண்ட் வந்தது. திரையில் அதே கல், அதே கதவு, அதே குருவி. கோபி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தூங்கு புள்ள” என்றான். அவளும் கனவு என்றே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குப்பாயி வந்தாள். காப்பிப் பழம் பறிக்க அந்த வாரம்தான் கீழேயிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவள். கவியைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு பெண் இருந்ததும் அவளுக்குத் தெரியாது.

“ஏனுங்கக்கா, நேத்து புள்ளைங்கள வெளிய உட்டுட்டு எங்க போயிட்டீங்க? வாசல ஒட்டித்தான் போனேன், ரெண்டும் அந்தப் பனியில நின்னுச்சுங்க.”

“ரெண்டா?”

“ஆமாங்க. சின்னது கதவத் தட்டித் தட்டி அழுதுச்சு. பெருசு பின்னால அது கையப் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. மஞ்ச ஸ்வெட்டரு. மேல் பொத்தான் மட்டும் செவப்பு.”

அந்தச் சிவப்புப் பொத்தானைத் தைத்தது சங்கீதா. அந்த ஸ்வெட்டரைப் போட்டுத்தான் கவியைப் புதைத்தார்கள்.

“அது… அழுதுச்சா?”

“பெருசா? அது எங்க அழுதுச்சு. சின்னதத்தான் தேத்திக்கிட்டு இருந்துச்சு. ‘அழுவாத, இரு. எங்கம்மா தொறக்கும்’னு.”