வெல்வெட் உறைக்குள் ஓர் ஓலம்

சாமான் அறையிலிருந்து ‘ஙொய்ய்ய்’ என்று ஓர் ஓலம் கிளம்பியது.

“கேட்டீங்களா மாப்பிள்ளை? உங்க செல்லம் அழுது!” என்று கைதட்டிச் சிரித்தார் மைத்துனர். கம்ப்யூட்டர் கடைக்காரர். தங்கை வீட்டுக்கு வரும்போதே படம், ஃபைல் எல்லாம் சேமித்து வைக்கும் புத்தம்புது நாஸ் பெட்டி ஒன்றைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் ஏந்தி வந்திருந்தார். “இதைச் சொருகிட்டாப் போதும். ரெண்டு டிஸ்க். ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல எல்லாம் இருக்கும். மிச்சத்தைக் கம்பெனிக்காரன் பாத்துப்பான்.”

மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து லிஃப்ட் முனகினாலும் கீழே நின்றபடியே நோயைச் சொல்லிவிடும் மனிதர். யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, லினக்ஸ் ஏற்றி, வீட்டு சர்வராக்கியவர். மகள் தவழ்ந்த படங்கள், மனைவியின் தையல் டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான். இந்த ஓலத்துக்குக் காரணமும் அவருக்குத் தெரியும். டிஸ்க் அல்ல, லினக்ஸும் அல்ல. வெல்வெட்!

தையல்காரியான மனைவி, “தூசி படியுதே, பாவம்” என்று சர்வருக்கு வெல்வெட்டில் உறை தைத்து, சுற்றிலும் கொசுவம் வைத்து, கல்யாண நாள் பரிசாக மாட்டிவிட்டிருந்தாள். காற்றுப் போக ஒரு துளை கிடையாது; சூடு ஏற ஏற உள்ளே விசிறி ஓலமிடும். அவள் வெளியே போனதும் இவர் கழற்றுவார். செருப்புச் சத்தம் கேட்டதும் மாட்டிவிடுவார். அண்ணன் வந்திருப்பதால் இன்று அவள் நகரவேயில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் சர்வர் பிழைக்கும். ஆனால் அண்ணன் எதிரில் அவள் முகம் வாடுமே!

“நேத்தும் டிசைன் எடுக்கப் போனா நின்னுபோச்சு. நீங்க வேலையில. நான் யார்கிட்ட போய்க் கேக்க?” என்றாள் அவள். “அண்ணன் பெட்டியே இருக்கட்டுங்க.”

“உன் இஷ்டம்” என்றார், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு.

“உறை மட்டும் நல்லா இருக்கு, புதுசுக்கு ஆகும்” என்று உள்ளே போய் உருவினாள். ஓலம் மெல்ல அடங்கியது. அவள் புருவம் சுருங்கியது. மறுபடி மாட்டினாள், கொஞ்ச நேரத்தில் ஓலம். உருவினாள், அமைதி. திரும்பிப் பார்த்தாள். கணவர் மோட்டுவளையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“மாட்டின அன்னிக்கே.”

“வாய்க்குப் பூட்டா போட்டிருந்தீங்க?”

“கொசுவம் அவ்வளவு அழகா வந்திருந்துச்சே…”

அவள் கண் கலங்கியது. கை மட்டும் அவர் தோளில் நறுக்கென்று கிள்ளியது.

“அண்ணா, பெட்டியை எடுத்துக்கோ.”

“ஏம்மா, இதுக்கு என்ன குறை?”

“ஒரு குறையுமில்ல. பழசோட கழுத்தை நெரிச்சது நான். கையை எடுத்தாச்சு, இனிமே அது அழாது.” கணவர் பக்கம் விரல் நீண்டது. “ஆனா நின்னுபோனா எப்படிக் கிளப்பறதுன்னு இன்னிக்கே எனக்குச் சொல்லித் தரணும்.”

வாசலில் அண்ணனின் பெட்டிக்கு அந்த உறையை மாட்டி, நாடாவையும் இறுக்கிக் கட்டினாள். “வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. ஷோகேஸ்ல வை. கரண்டு மட்டும் குடுத்துடாதே!”

“எனக்கு இது தேவைதான்” என்று முனகியபடி, வெல்வெட் மணப்பெண்ணை மார்போடு அணைத்துக்கொண்டு மைத்துனர் படியிறங்கினார். லிஃப்ட் மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.