ஹலினா பெரியம்மாவின் ஒரே வசனம்

என் அம்மாவின் அக்கா ஹலினாவின் குரலைத் தெரியாதவர்கள் நியூயார்க்கின் கிரீன்பாயின்ட்டில் குறைவு. தெருமுனைப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. அவர் "அடுத்தவங்க வாங்க!" என்று கூப்பிட்டால் எதிர்ச் சாரி ரொட்டிக்கடையில் நிற்கிறவர்களும் ஓரடி நகர்ந்துவிடுவார்கள் என்பது காசிமிர் பெரியப்பாவின் நிரந்தரக் கேலி.

அந்தக் குரல் தொலைக்காட்சியில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆனால் பெரியம்மா பத்து வருடத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தார்.

நிகழ்ச்சியின் பெயர் 'பின்வாசல்'. ஞாயிறு மாலை எட்டு மணிக்கு மன்ஹாட்டனிலிருந்து நேரலை. வாரம் ஒரு சினிமா நட்சத்திரம் விருந்தினராக வருவார், ஏழெட்டுச் சிறு நாடகங்களில் நடிப்பார், நடுவில் ஒரு பாட்டுக் குழு இரண்டு பாட்டுப் பாடும். பல் பிடுங்கிக்கொள்ள வந்த யாரோ ஒரு உதவி இயக்குநர், "எங்களுக்கு ஒரு நர்ஸ் வேணும், சும்மா நின்னா போதும், வர்றீங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. அதன் பிறகு அவர் நர்ஸாக நின்றார், கல்யாண வீட்டில் கேக் தின்றார், நீதிமன்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார், ஒரு தடவை பிணமாகப் படுத்தார். நாங்கள் திரையில் விரல் வைத்து "அதோ!" என்பதற்குள் கேமரா போய்விடும்.

திங்கட்கிழமை காபி குடிக்கும்போது பெரியப்பா ஆரம்பிப்பார். "நேத்து உன் முதுகு நல்லா நடிச்சுது, ஹலினா. இடது தோள்பட்டை மட்டும் கொஞ்சம் ஓவர்."

"உங்களுக்கு வீட்டுலயே வசனம் கெடையாது. நீங்க பேசாதீங்க."

பெரியம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் ஒரு வசனம் வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு என்று அம்மாவுக்குத் தெரியும். வசனம் சொன்னவர்களின் பெயர் கடைசியில் திரையில் ஓடும். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லா நடிகர்களும் மேடையில் கூடி நின்று கையசைப்பார்களே, அந்தக் கூட்டத்திலும் நிற்கலாம். வாய் திறக்காதவர்கள் அந்நேரம் உடை மாற்றிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

தொண்ணூற்று ஒன்றாம் வருடம், மார்ச் மாதம். அந்த வார நாடகங்களில் ஒன்று இறுதிச் சடங்கு மண்டபத்தில் நடப்பது. ஓட்டு வேட்டைக்கு வந்த மேயர் தப்பான மண்டபத்துக்குள் நுழைந்து, சவப்பெட்டிக்குள் யார் என்றே தெரியாமல் கண்ணீர் மல்கப் பேசுகிறார். மேயராக விருந்தினர். மண்டபக்காரராக டெரன்ஸ் போல்க், நிகழ்ச்சியின் நிரந்தர நடிகர்களில் ஒருவர். முகத்திரை போட்ட விதவையாகப் பெரியம்மா. வழக்கம்போல அழுதால் போதும். நாடகத்துக்கு முடிவு மட்டும் சிக்கவில்லை. எழுதிய நோரா கெஸ்லர் வெள்ளிக்கிழமை வரை தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஒத்திகையில் மேயர் பேசிப் பேசி ஓயவில்லை. பெரியம்மா பக்கத்திலிருந்த இன்னொரு துணை நடிகையிடம் முணுமுணுத்தார்: "இந்தாளு இப்படியே பேசினா, பெட்டியில இருக்கறது எங்க பூனைன்னு நான் எப்பத்தான் சொல்றது?"

முணுமுணுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டதுதான். அரங்கம் முழுக்கக் கேட்டது. விளக்குக்காரர்கள் மேலே ஏணியில் இருந்து சிரித்தார்கள். நோரா ஓடி வந்தாள்.

"அக்கா, என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, சும்மா வாய் தவறி..."

"தவறட்டும். அதான் முடிவு. நீங்களே சொல்றீங்க."

அன்று வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக அம்மாவுக்குப் போன் போட்டார். மறுநாளுக்குள் பல் டாக்டர், ரொட்டிக்கடை, சர்ச், எல்லா இடத்துக்கும் செய்தி போய்விட்டது. ஃபாதர் லுட்விக், தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பெரிய தொலைக்காட்சியை வைக்கச் சொன்னார். யாரோ பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டார்கள், அம்மா கசகசா கேக்.

'பின்வாசல்' ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை நடக்கும். மாலை நான்கு மணிக்கு நிஜமான பார்வையாளர்களை உட்காரவைத்து முழு ஒத்திகை. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சிரிக்கவில்லை என்று பார்த்து, வெட்ட வேண்டியதை வெட்டி, எட்டு மணிக்கு வேறு பார்வையாளர்களுடன் நேரலை. நான்கு மணி ஆட்டத்தில் நடிகர்கள் முக்கியமாகக் கற்றுக்கொள்வது ஒன்று: எந்த வரிக்குப் பிறகு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. சிரிப்பின் மேல் பேசினால் அடுத்த வரி யார் காதிலும் விழாது. சிரிப்பு ஏறி, உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கும்போது பேச வேண்டும். இத்தனை வருடம் பின்னால் நின்று பார்த்ததில் பெரியம்மாவுக்கு அது மனப்பாடம்.

நான்கு மணிக்கு மேயர் முடித்தார்: "இவர் எனக்கு மூன்று முறை ஓட்டுப் போட்டவர். மூன்றும் ஒரே தேர்தலில்!" பெரும் சிரிப்பு. பெரியம்மா காத்திருந்தார். சிரிப்பு இறங்கியது. முகத்திரையைத் தூக்கினார். "ஐயா, பெட்டியில இருக்கறது எங்க பூனை."

அதுவரை கேட்ட சிரிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதாம். மேயரே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாராம். டெரன்ஸ் மேடைக்குப் பின்னால் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ராத்திரி இதேதான். ஒரு முடி மாத்தாதீங்க" என்றாராம். அவர் எதையும் மாற்றவில்லை.

எட்டு மணி ஆட்டத்தில், லூசியானாவிலிருந்து வந்த வயலின் குழு முதல் பாட்டிலேயே களைகட்டிவிட்டது. பார்வையாளர்கள் எழுந்து ஆட, குழு முடிக்க மனமில்லாமல் இன்னொரு சுற்று வாசித்தது. நேரலையில் இழந்த நேரத்தை எங்காவது பிடித்தாக வேண்டும். அரங்க மேலாளர் ஓடி ஓடி நடிகர்களிடம் சொன்னார்: வேகம், வேகம். மேயரின் பேச்சில் நாலைந்து வரிகளை வெட்டினார்கள். வெட்டியதைப் பற்றி வசன அட்டை பிடிக்கிறவருக்குச் சொன்னார்கள், விருந்தினருக்குச் சொன்னார்கள், டெரன்ஸுக்குச் சொன்னார்கள். விதவை அப்போதே முகத்திரையோடு பெட்டியருகில் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒற்றை வரிதானே, அது மாறவில்லையே.

கீழ்க்கூடத்தில் நாங்கள் நாற்பது ஐம்பது பேர். மேயர் பேசினார். "இவர் எனக்கு ஓட்டுப் போட்டவர்" என்றார். தலை குனிந்து பின்வாங்கினார். மிச்சப் பாதி வரவில்லை, அதனால் சிரிப்பும் வரவில்லை. கேமரா பெரியம்மாவிடம் போனது.

திரை முழுக்க அவர் முகம். முகத்திரையைப் பாதி தூக்கிய கை அப்படியே நிற்கிறது. வர வேண்டிய ஒன்றுக்காகக் காத்திருக்கும் முகம். மூன்று நொடி இருக்கலாம். நேரலையில் மூன்று நொடி மௌனம் என்பது கூரை ஒழுகுகிற மாதிரி. யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் பாத்திரத்தை வைத்துவிடுவார்கள். அங்கே அதுதான் பழக்கம். திரைக்கு வெளியிலிருந்து டெரன்ஸின் குரல் வந்தது: "ஐயா, பெட்டியில இருக்கறது அவங்க பூனை."

அரங்கம் அதிர்ந்தது. கீழ்க்கூடமும் அதிர்ந்தது. "என்ன மூஞ்சி! பாத்தியா அந்த மூஞ்சிய!" என்று ரொட்டிக்கடைக்காரர் மேசையைத் தட்டினார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வசனம் தெரியும். மூன்று நாளாகச் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தவர்.

மேடைக்குப் பின்னால் டெரன்ஸ் ஓடி வந்ததைப் பெரியம்மா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"மறக்கல தம்பி. காத்துக்கிட்டிருந்தேன்."

"எதுக்கு?"

"சிரிப்புக்கு."

டெரன்ஸ் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். "நீங்க செஞ்சது சரிதான், நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று பெரியம்மாதான் அவரைத் தேற்றியிருக்கிறார். கடைசியில் கையசைக்க மேடைக்குக் கூப்பிட்டபோது பெரியம்மா போகவில்லை. வசனம் சொல்லவில்லையே என்றிருக்கிறார். பெயர் திரையில் ஓடியது. முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் அவருக்கு ஏராளமான பாராட்டு. நோரா புதிதாக ஒன்று எழுதினாள்: ஒன்றுமே பேசாமல் அந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் விதவை. பிறகு இன்னொன்று. சாலையில் பிள்ளைகள் "அந்த மூஞ்சியக் காட்டுங்க!" என்று கேட்டார்கள், அவரும் காட்டினார். மூன்றாவது முறை நோரா கூப்பிட்டபோது, இடுப்பு வலி என்று சொல்லி நின்றுவிட்டார். அவருக்கு இடுப்பு வலி கிடையாது.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அங்கே நகைச்சுவை பற்றி ஒரு பாடம் இருந்தது என்று சொன்னால் பெரியப்பா இன்னும் நம்புவதில்லை. வகுப்பில் அந்த நாடகத்தின் டேப்பைப் போட்டுக் காட்டினேன். பேராசிரியர் மூன்று தடவை பார்த்தார். "இந்த மௌனம்தான் நாடகம். வசனத்தை அந்த அம்மா சொல்லியிருந்தால் சாதாரணமாகப் போயிருக்கும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் ரயிலில், எதற்குப் பெருமைப்பட்டோம் என்ற கேள்வி வந்தது. பெரியம்மா ஆசைப்பட்டது கிடைக்காமல் போனதைத்தான் நான் நல்ல மதிப்பெண்ணோடு கொண்டுபோகிறேனா? ஆனாலும் அவரிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

பெரியம்மா பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தார். "உங்க வாத்தியாருக்கு என்ன தெரியும்? நாலு மணி ஆட்டத்த அவரு பாத்தாரா?"

"இல்ல."

"அப்புறம்?" உரித்த தோலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "அதையும் டேப்புல எடுப்பாங்க. வெட்டறதுக்குப் பாக்கணும்ல. நீ படிச்ச பொண்ணு, கேட்டா குடுப்பாங்களா?"

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. இரண்டு வாரம் போன் செய்தேன். நிகழ்ச்சி நின்று வருடங்கள் ஆகியிருந்தன. கடைசியில் பழைய டேப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தார். ஒத்திகை டேப்புகளை வைத்துக்கொள்வதில்லை, அடுத்த வார ஒத்திகையை அதன் மேலேயே எடுத்துவிடுவோம் என்றார்.

பெரியம்மாவிடம் சொல்வதா, இன்னும் தேடுகிறார்கள் என்று இழுப்பதா என்று யோசித்தேன். அன்றும் அவர் பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தார், பெரியப்பா மேசையருகில் இருந்தார். சொல்லிவிட்டேன்.

"அதானே," என்றார். "எங்க முகத்துக்கெல்லாம் யாரு டேப்ப வீணாக்குவா."

பெரியப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போனார். பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நாலு மணிக்கு முன்வரிசையில ஒரு பொம்பள. நீலக் கோட்டு. நான் சொன்னதும் பக்கத்து ஆளு தோளப் புடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிச்சா. யாரோ எவளோ. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் நிகழ்ச்சியப் பாத்திருந்தான்னா, 'என்னடா இது, அந்தம்மா சொன்னத வேற ஆளு சொல்றானே'ன்னு நெனச்சிருப்பா, இல்ல?"

"நெனச்சிருப்பாங்க பெரியம்மா."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை நம்ப விரும்பினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தார்.

"நெனச்சிருக்க மாட்டா," என்றார்.