ஒரு போர்டு, இரண்டு பிராசசர், ஓர் அண்ணன் தம்பி

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவனிடம் யாரும் யோசனை கேட்க வருவதில்லை. தாங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவுக்குத் தலையாட்ட ஆள் தேடித்தான் வருகிறார்கள். ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்று அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி.

ஆளுக்கொரு பங்கு

மத்திகிரியில் ஒரே காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கும் அந்தோணியும் தம்பி சேவியரும் ஓசூரில் என் கடைக்கு வந்தார்கள். இருவரும் பிளாஸ்டிக் மோல்டு டிசைன் செய்பவர்கள். அந்தோணிக்குக் கான்ட்ராக்ட் முடிந்து வேலை போய்விட்டது. பெங்களூர்க்காரர் ஒருவர் சோதனைக்கு ஒரு டிசைன் கொடுத்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அடுத்த திங்கட்கிழமைக்குள் முடித்தால் மாதாமாதம் வேலை. அதற்கு இரண்டு பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருந்த பணத்துக்கு நல்ல செல்போன்கூட வராது.

இரண்டு பிராசசர் ஏற்கும் சர்வர் போர்டு, கம்பெனிகள் கழித்துப் போட்டது, மலிவாகக் கிடைக்கும், அதுதான் ஒரே வழி என்றேன். போர்டு பொதுவில், பிராசசர் ஆளுக்கொன்று என்று அங்கேயே முடிவானது. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பங்கு பங்கா இருந்தாத்தான் சார் பின்னாடி பேச்சு வராது" என்றார் சேவியர்.

ஜோடி

இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல், தனித்தனி பஸ்ஸில் பெங்களூர் போய் ஆளுக்கொரு பிராசசர் வாங்கி வந்தார்கள். அந்தோணியுடையது மெதுவானது, சேவியருடையது வேகமானது. இரண்டும் ஒரே மாடலாக இருந்தால்தான் போர்டு ஏற்கும். வேகமானதில் இன்னொன்று வாங்கப் பணம் இல்லை. சேவியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் பஸ் ஏறினார், அண்ணனுடையதைப் போலவே ஒன்றை மாற்றி வந்தார். அதோடு விட்டிருக்கலாம்.

அந்தோணி கேட்டார்: "அண்ணனவிட வேகமா ஓடறத வாங்கச் சொல்லி உனக்கு யார்றா சொன்னது?"

முதல் இடம்

போர்டில் பிராசசருக்கான இடங்களில் ஒன்று, இரண்டு என்று அச்சிட்டிருந்தது. ஒன்றாம் இடம் காலியாக இருந்தால் போர்டுக்கு உயிரே வராது. இரண்டாம் இடம் காலியானால் பாதி மெமரியோடு நொண்டிக்கொண்டு ஓடும். இந்த உண்மையை நான் சொல்லியிருக்கவே கூடாது. இரண்டு பிராசசரும் ஒன்றுதானே என்று தொண்டை கிழியச் சொன்னேன். அந்தோணி தன்னுடையதன் தலையில் மார்க்கரால் 'அ' என்று எழுதி என்னிடம் நீட்டினார்.

"பெரியவன் ஒண்ணுல. இதுல என்னாத்துக்குப் பேச்சு?"

தக்காளி கிரேட்

அந்தப் போர்டு என் கடையில் இருந்த எந்த கேபினெட்டிலும் நுழையவில்லை. பெரிய கேபினெட் விலையைக் கேட்டதும் அண்ணன் தம்பி முதல்முறையாக ஒற்றுமையாக எழுந்து நின்றார்கள். அந்தோணியின் மனைவி ரீட்டாவுக்கு உத்தனப்பள்ளி பிறந்த வீடு. அங்கிருந்து தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நாலு பக்கமும் ஓட்டை. டேப் வைத்து அளந்தேன், கச்சிதம். என் பதினைந்து வருட அனுபவத்தைப் பார்த்து ரீட்டா சொன்னார்:

"தக்காளியே வாடாம போயி சேருது, இது என்னா வாடிடப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை

பெங்களூருக்குப் போன மெயிலில் அந்தோணி பெயர் மட்டும் இருந்ததை ஞாயிறு காலை சேவியர் பார்த்துவிட்டார். அண்ணன் வீட்டில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து தன் பிராசசரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எதிரே இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டார். ரீட்டா போன் செய்ததும் நான் ஓடினேன். மிச்சமிருந்த மெமரியில் டிசைன் பாதி திறந்ததும் கம்ப்யூட்டர் நின்றது. மறுபடி திறந்தோம், மறுபடியும் நின்றது. திங்கட்கிழமை கைவிட்டுப் போவது எனக்கே தெரிந்தது.

 அந்தோணி தன்னுடைய 'அ'வைத் தானே கழற்றி இரண்டாவது இடத்தில் வைத்தார். தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, "ஒண்ணு காலியா இருக்குதுடா, வா" என்றார். சேவியர் கைக்குட்டையோடு எழுந்து வந்து, தன்னுடையதை ஒன்றாம் இடத்தில் வைத்தார்.

திங்கட்கிழமை மதியம் டிசைன் போனது, இரண்டு பெயரோடு. அந்த வாரமே வேலையும் வந்தது. இன்னொரு சண்டை வந்தால் மறுபடியும் கழற்றுவீர்களா என்று சேவியரிடம் கேட்டேன்.

"முன்னாடின்னா பாதி ஓடும். இப்ப நான் எடுத்தா அண்ணன் வீடே நின்னுடும் சார், எப்புடி எடுக்கறது?"

இப்போதெல்லாம் சர்வர் போர்டு கேட்டு வருகிறவர்களிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்கிறேன்.