வெள்ளெலிக்கு விரித்த சேலை

எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், குற்றாலச் சீசன் கடையில் என் கடைசி மகளுக்கு அவள் அப்பா ஒரு வெள்ளெலி வாங்கித் தந்தார். கிளிக்கூண்டைச் சுற்றிச் சன்னக் கம்பிவலை அடித்தேன். பச்சைப்பிள்ளைக்கு விரிப்பதுபோல் பழைய நூல்சேலையைக் கிழித்து உள்ளே மெத்தை போட்டேன்.

பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். “யக்கா, துணி வேண்டாம். நூல் பிரிஞ்சு கால்ல சுத்திக்கிடும். காஞ்ச புல்லு போடுங்க.”

அவளுக்குப் பிள்ளை கிடையாது. “ஏழு பெத்தவளுக்கு நீ சொல்லித் தாரியாட்டி?” என்றேன். முகம் சுண்டிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் எலி கத்தியது. நூல் இறுகிப் பின்னங்கால் வீங்கியிருந்தது. மகள் அழுதாள். நான் பிரிக்கப் பிரிக்க நூல் இன்னும் சிக்கியது. வெட்கத்தை விட்டுப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

பீடிக் கத்திரியோடு ஓடி வந்தாள். “பயப்படாதலே ராசா, இந்தா ஆச்சு” என்று எலியிடம் பேசிக்கொண்டே ஒவ்வொரு நூலாய் அறுத்தாள். கால் பிழைத்தது. காய்ந்த புல்லும் அவளே கொண்டுவந்து பரப்பினாள். என் சொல்லை ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை.

மன்னிப்புக் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பேச்சியம்மா, உன் கைக்கு ஒரு கும்பிடு.

ஏட்டி பேத்தி, இதைச் சத்தமா வாசி. அவ பேரைச் சரியா எழுதியிருக்கேனா பாரு.