சொதியில் ஏறிய ஐந்து கிலோ

செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அப்போது ஓர் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. ஏறி நின்று காசு போட்டால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுழலும், கடகடவென்று ஒரு சத்தம் வரும், பிறகு ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் நம் எடை, மறுபக்கம் நம் குணம். எனக்குத் திரும்பத் திரும்ப 'நீங்கள் பரந்த மனம் படைத்தவர்' என்றே விழுந்துகொண்டிருந்தது. அந்த இயந்திரத்துக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமைதோறும் நானும் என் சிநேகிதியும் அதில் ஏறுவோம். தொண்ணூற்றொன்பதில் செங்கல்பட்டுக் கல்லூரியில் சேர்ந்தபோது, மைதானத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் பளு தூக்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த பெண்கள் நாங்கள் இரண்டே பேர். மற்றவர்கள் இருபது பையன்கள். மாஸ்டர் ரயில்வேயில் வேலை பார்த்தார், மாலையில் வந்து சொல்லிக்கொடுப்பார். அந்தக் கொட்டகையில் மே மாதம் இரும்புத் தண்டைத் தொட்டால் கை வெந்துவிடும். இன்றைக்கும் எங்காவது துருவும் சுண்ணாம்புத் தூளும் கலந்த வாசனை வந்தால் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடுகிறது.

எங்கள் வீடு கடற்கரையோர நகரியத்தில். அப்பாவுக்கு அங்கே அணு ஆராய்ச்சியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து மிக்சி, கிரைண்டர், சைவச் சமையல் சகிதம் வந்து குடியேறிய குடும்பம். அவள் திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு காலனியில் பஸ் ஏறுவாள். அவள் அம்மா நடவுக்குப் போவார், நடவு இல்லாத நாளில் சித்தாள் வேலைக்கு. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அந்த முதுகுதான் அவளுக்கும். எனக்கு வாய்த்தது மேஜையில் குனிந்து கணக்குப் போடுகிறவர் முதுகு.

இருவருமே நாற்பத்தெட்டுக் கிலோ. வினை அங்கேதான் தொடங்கியது. பளு தூக்குதலில் உடம்பு எடையை வைத்துத்தான் பிரிவு. எங்கள் மாவட்டம் மாநிலப் போட்டிக்குப் பிரிவுக்கு ஒருத்தியைத்தான் அனுப்பும். இரண்டாயிரமாம் ஆண்டு ஆடி மாதம் மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். போட்டிக்கு நாலு மாசம் இருக்கிறது, உங்களில் ஒருத்தி எடை ஏறி ஐம்பத்து மூன்றுக்குப் போங்கள், யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் இருவருக்கும் நடுவே போட்டி வைத்து ஜெயித்தவளை அனுப்புவேன் என்றார்.

போட்டி வைத்தால் என்ன ஆகும் என்று கொட்டகையில் இருந்த தகரத்துக்குக்கூடத் தெரியும். அவள் என்னைவிட ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்குவாள், அதுவும் சிரித்துக்கொண்டே. சரி, நானே எடை ஏறலாமே என்றால், மேல் பிரிவில் என்னை ஊதித் தள்ளிவிடுவார்கள். எனக்கோ அந்த இடம் வேண்டும். முதுகில் மாவட்டத்தின் பெயர் எழுதிய நீல டிராக் சூட் வேண்டும். அப்பா பார்த்துச் சேர்த்துவிடாமல், நானாகத் தேடிப் போன ஒரே காரியம் அது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் என் டிபன் கேரியரை அவள் பக்கம் நகர்த்தினேன். "அம்மா நிறைய வெச்சுட்டாங்க, நீ சாப்பிடு" என்றேன். சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், மேலே ஒரு தட்டு தயிர்சாதம். சொதி என்றால் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. முழுத் தேங்காயையும் பிழிந்துதான் அம்மா வைப்பார். அவள் அதை 'வெள்ளக் கொழம்பு' என்பாள். பதிலுக்கு அவளுடைய தூக்குச் சட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அதில் கேழ்வரகுக் கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் இருக்கும். என் எடை ஏறாமல் இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. மூன்று தலைமுறையாக முட்டை நுழையாத வீட்டுப் பெண் கருவாட்டுக்கு நாக்கைத் தொங்கப்போட்டது தனிக் கதை.

யார் எடை ஏறுவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை; நாலு மாசம் இப்படியே ஓடியது. சனிக்கிழமை ஸ்டேஷனில் அவளை ஏற்றிக் காசு போடுவேன். விழும் அட்டையை அவள் கைக்கு விடாமல் நானே எடுத்துக்கொள்வேன். நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பதரை. வீட்டில் ஜாமெட்ரி பாக்ஸில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். பக்ரீத்துக்கு ஆடு வளர்ப்பவர்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்.

விஷயம் மெல்லக் கசிந்தது. எல்லாருக்கும் தெரிந்தது பாதிதான். மாஸ்டர் ஒருநாள் பையன்களை நிற்க வைத்து, தன் சோற்றைச் சிநேகிதிக்குக் கொடுக்கிற இந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதையும் அடக்கம் என்றார்கள். அவள் அம்மா ஒரு மாலை பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து, புடவைத் தலைப்பிலிருந்து வேர்க்கடலையை என் பையில் கொட்டிவிட்டுப் போனார். அந்தக் கடலையை என்னால் தின்ன முடியவில்லை. வீட்டில் கேட்டதற்குக் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த செப்டம்பரில் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களும் பளு தூக்கினார்கள். அதைப் பார்க்க அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தண்டைத் தூக்கும்போது நாங்களும் மூச்சைப் பிடித்தோம். சாப்பிடும்போது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சொதி சாப்பிடுகிறவர்கள் அதை வெறும் குழம்பு மாதிரி ஊற்றிப் பிசைவார்கள். இவளோ இஞ்சிப் பச்சடியைக் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டாள். என் கேரியர் யாரிடம் போகிறது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தால், மறுநாளிலிருந்து இரண்டு கேரியர் வந்தது. என் பெண்ணுக்கு எவ்வளவு இரக்கம் என்று திருநெல்வேலி வரைக்கும் போன் போட்டுச் சொன்னார். இரண்டாவது கேரியரைக் கொட்டகைப் பையன்கள் காலி செய்தார்கள். என் கூழில் மட்டும் நான் கை வைக்க விடவில்லை.

போட்டியன்று காலை எடை பார்த்தபோது அவள் ஐம்பத்திரண்டரை, நான் நாற்பத்தெட்டுக்குக் கால் கிலோ குறைவு. இருவருக்கும் நீல டிராக் சூட் கிடைத்தது. ஸ்நாட்சில் தண்டை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மூன்று வாய்ப்பு உண்டு, மூன்றையும் விட்டால் ஆட்டம் முடிந்தது. நான் மூன்றையும் விட்டேன். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடத்தில் நான் நின்றது மொத்தம் மூன்று நிமிஷம்கூட இருக்காது. அவள் தன் பிரிவில் முதலாவதாக வந்தாள். மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து பதக்கத்தை என் மடியில் போட்டாள். எனக்கு அவள்மேல் பொறாமைகூட வரவில்லை. என்னை நினைத்தால்தான் அசிங்கமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் இனி வரமாட்டேன் என்று படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை அவள் எங்கள் வாசலில் நின்றாள். கல்லூரிக்கு மேற்கே போக வேண்டியவள், அதற்கு நேர் எதிரே கிழக்கே பஸ் ஏறி வந்திருந்தாள். என்னைக் கிளப்பி இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாளும் வந்தாள். இரண்டு மாசம், ஒரு நாள் தவறாமல். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன், அதனாலேயே இன்னும் கூசினேன். பிறகு சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்து அவள் போனாள். அவள் போன வாரமே நான் கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு அவள் ஏறியதெல்லாம் நான் பேப்பரில் பார்த்ததுதான். தேசிய அளவில் இரண்டு தங்கம், வெளிநாட்டில் ஒரு வெண்கலம். ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் சமயத்தில் இடுப்பு எலும்பு நகர்ந்து அது மட்டும் நடக்காமல் போயிற்று. போலீசில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்து, தோள் சுருங்கி, அம்மா நிம்மதியானார்.

அவள் சென்னைக்குப் போய் எட்டு வருஷம் கழித்துச் செங்கல்பட்டில் அவளுடைய போலீஸ் குவார்ட்டர்சுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். இலையில் சொதி. அன்று டிவி பார்க்க வந்தபோதே அம்மாவிடம் பக்குவம் கேட்டு வைத்திருந்தாளாம். முதல் கவளத்தைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டேன். உன்மேல் பாசத்தால் ஊட்டவில்லை, என் இடத்திலிருந்து உன்னைக் கிளப்பத்தான் ஊட்டினேன் என்று, நாற்பத்தெட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமே. கார்டெல்லாம் நீயே வாங்கி வெச்சிக்கினியே, அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்ட?"

"எங்க நைனா இன்னா சொல்லிச்சு தெரியுமா? அந்த டவுன்ஷிப் பொண்ணு கூட வர்ற வரிக்கும் நீ போலாம், அது நின்னுச்சுன்னா நீயும் நின்னுடணும்னு. அத்தினி பசங்க நடுவுல தனியா உடுமா? நம்ம ரெண்டு பேருக்கும் போட்டி வெச்சா நீ தோத்துருப்ப. தோத்துட்டு மறுநாளு வந்துருப்பியா நீ?"

வந்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அதான் துன்னேன்," என்றாள்.

அப்போது அந்த இரண்டு மாசக் காலை பஸ் நினைவுக்கு வந்தது. விடுதியில் இடம் கிடைக்கும் வரைக்கும்தான் அவள் வந்தாள். எனக்குச் சுருக்கென்றது. கேட்டால் கெட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். "தினம் காலையில எங்க வீட்டுக்கு வந்தியே, அது பாசமா, இல்ல நான் நின்னுடுவேன்னு பயமா?"

"ரெண்டுந்தான்," என்றாள். "ஏன், உன்னுது மட்டும் ஒண்ணா?"

என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.